அரசு தொடக்கப் பள்ளித் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

குழு உறுப்பினர்களுக்கும் நன்கொடை தந்த ஊர்மக்களுக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டிடத்தில் வேலை முடிந்து, பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து படிக்கிறார்கள். மதிப்பீடு 18 லட்சம் ரூபாய். நமக்கு நாமே திட்டப்படி மூன்றில் ஒரு பங்கான 6 லட்சத்தை நாம் கட்டினோம். மீதி அரசுப் பணம். நன்கொடை ரசீது, பில் எல்லாம் பைண்டு செய்து தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

அதிகம் விவாதித்தது கூரையைப் பற்றித்தான். ஓட்டை இறக்கிவிட்டு கான்கிரீட் போடலாம் என்று பலர் சொன்னீர்கள். கடல் காற்றில் கம்பி துருப்பிடித்து, சிலாப் பெயர்ந்து விழுவதை நம் குமரி மாவட்டப் பக்கத்தில் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி மழை என்று வருஷத்துக்கு இரண்டு மழை வேறு. கருங்கல் சுவர் அசையாமல் நின்றது; இற்றுப்போனவை கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோலும், ஓடு பதிக்கும் குறுக்குச் சட்டமான பட்டியலும்தான். ஒன்றியப் பொறியாளரும் சுவரைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு, அயனி மரத்தில் புதுக் கழுக்கோல் ஏற்றி, மருந்தடித்து, நல்ல ஓடுகளைக் கழுவி மறுபடியும் மேய்ந்தோம். ஆசாரிமார் செய்த வேலையை ஒருமுறை உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள், அவ்வளவு நேர்த்தி. தரை, கழிப்பறை, சாய்தளம் எல்லாம் மதிப்பீட்டில் கண்டபடி முடிந்தன.

சரி, கட்டிடம் நன்றாகிவிட்டது. பள்ளி நன்றாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை என்றுதான் குழு சொல்லும்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பராமரிப்புக்கு வருஷந்தோறும் வரும் மானியம் தலையை எண்ணித்தான் வருகிறது. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000 ரூபாய். ஆசிரியர் கணக்கும் அப்படியே: கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். நம் பள்ளி அந்த அளவுக்குள்தான் இருக்கிறது. ஐந்து வகுப்பை இரண்டு பேர் எப்படி நடத்துவார்கள்? இதைப் பார்த்துப் பெற்றோர் பிள்ளைகளைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றுகிறார்கள், எண்ணிக்கை இறங்குகிறது, மானியமும் இறங்குகிறது. தேவை கூடக்கூடப் பணம் குறைகிற இந்த முறை மாற வேண்டும். ஓடு உடைந்தால் மாற்றும் செலவு 30 பிள்ளைகளுக்கும் 60 பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்.

இதற்கு மேல் அரசுகளின் சண்டை. மத்திய அரசின் முன்மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம் ஸ்ரீக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, மேலே சொன்ன ஒருங்கிணைந்த திட்டத்துக்கு 2024-25ல் மத்திய அரசு தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்பதில் நம் உறுப்பினர்களுக்குள்ளேயே பல கருத்து உண்டு. பிள்ளைகள் பணத்தைப் பிடித்து வைத்தது தவறு என்பதில் குழுவுக்கு இரண்டு கருத்து இல்லை.

கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817ல் ஆணை போட்டது நம் மாவட்டம் அன்று இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பள்ளிக்குள் நுழைய அப்புறமும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டத்துக்கு வந்ததன் பின்னால் இப்படிப்பட்ட பள்ளிகள் உண்டு. வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகள் இருப்பதால் நம் ஊரால் 6 லட்சம் சேர்க்க முடிந்தது. மலையோரத்தில் ரப்பர் பால்வெட்டுக் கூலியில் வாழும் ஊரால் அது முடியாது. அந்தப் பள்ளிக்கும் கூரை வேண்டும். அதை அரசே போட்டுக் கொடுக்க வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் மூன்றாவது ஆசிரியர் பணியிடம் கேட்டும், மானிய முறையை மாற்றக் கேட்டும் மனு வைக்கிறோம். எல்லோரும் வந்து கையெழுத்திட வேண்டும். ஐந்து வயதான பிள்ளைகள் உள்ள வீட்டார் சேர்க்கை விண்ணப்பத்தை அன்றே வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு