வெப் சர்வீஸ் பணியில் தடுக்கும் கற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோப்புகளை ஒப்புதலுக்கு அனுப்பும் வொர்க்ஃப்ளோ மென்பொருள் பற்றிப் பேசுவோர், அது வேறொரு சர்வருக்குத் தகவல் அனுப்பும் வெப் சர்வீஸ் பணியை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

அந்த சர்வரின் முகவரி, மெத்தட் (கோரிக்கையின் வகை), ஹெடர் (தகவலோடு போகும் தலைப்புக் குறிப்பு) மூன்றும் ஒருமுறை சரியாக அமைந்தால் போதும். வம்பு செய்வது, ஓடும்போது மதிப்பு நிரம்பும் மாறிகள். 00457 என்ற பில் எண் வரும் மாறியை மேற்கோள்குறி இல்லாமல் வைத்துப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் வருவதை, தகவலை அனுப்பப் பயன்படும் ஜேசன் (JSON) என்ற எழுத்து வடிவம் ஏற்காது. பெரும்பாலும் 400, அதாவது கோரிக்கை தவறு என்ற பிழைதான் பதில். மேற்கோள்குறிக்குள் வைத்தால் சரியாகிவிடும். ஆனால் நிறுவனப் பெயருக்குள்ளேயே இரட்டை மேற்கோள்குறி இருந்தால் மறுபடி உடையும். அதனால் மாறியை அப்படியே ஒட்டாமல், எஸ்கேப் செய்யும் (மேற்கோள்குறி போன்றவற்றை வெறும் எழுத்தாகவே படிக்கவைக்கும்) வசதி வழியாகவே செருக வேண்டும். தொகைப் புலம் காலியாக வரும் நிலையையும் தனியே சோதியுங்கள். தேதிக்கு 2025-06-05 வடிவமே நல்லது. 05/06 என்றால் எது மாதம்?

இன்னொன்று, டைம்அவுட், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேர வரம்பு. 30 விநாடியில் பதில் வரவில்லை என்பதால் எதிர்முனையில் பதிவாகவில்லை என்று பொருளல்ல. கண்ணை மூடிக்கொண்டு மறுமுயற்சி வைத்தால் ஒரே பில் இரண்டு முறை ஏறும். ஒவ்வொரு அழைப்பிலும் ஆவண எண்ணைச் சேர்த்து அனுப்பி, அதே எண் மீண்டும் வந்தால் நிராகரிக்கும்படி பெறும் தரப்பிடம் சொல்லிவையுங்கள். வெற்றி என்று பொருள்படும் 200 என்ற பதில் எண் வந்தாலும் பதிலின் உள்ளே பிழைச் செய்தி இருக்கக்கூடும். அதையும் ஒரு மாறியில் பிடித்து, அடுத்த படிக்கு நிபந்தனையாக வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்