41-ஆம் எண் ரசீது

ஆசிரியருக்கு வணக்கம்.

காவல்துறையிலிருந்து அரசியலுக்கு வந்தவர்கள் என்றாலே பத்திரிகைகளில் ஐ.பி.எஸ். அதிகாரிகளின் பெயர்கள்தான் வருகின்றன. எங்கள் ஊராட்சிக்கு வாய்த்தவர் அப்படிப்பட்டவர் இல்லை. இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, 10 ஆண்டில் முதல்நிலை, 15-இல் தலைமைக் காவலர், 25-இல் சிறப்பு உதவி ஆய்வாளர் என்று வருடக் கணக்கில் ஏறி, 58 வயதில் ஓய்வு பெற்றவர். 2019 டிசம்பரில், கட்சிச் சின்னம் இல்லாத இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் நின்று தலைவரானார். நான் அவருக்கு வாக்களிக்கவில்லை. போலீஸ்காரர் வந்தால் குழாயடிக்குக்கூட லத்தி வரும் என்று வீடு வீடாகச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

வந்தது கார்பன் தாள். 2020 பிப்ரவரியில் எங்கள் தெரு ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனதற்கு மனு கொண்டுபோனேன். பழைய டைரித் தாளை நான்காகக் கிழித்து, அடியில் கார்பன் வைத்து, வரிசை எண், தேதி, மணி எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டு ஒரு துண்டை நீட்டினார். எண் 41. "ஸ்டேஷனில் புகாருக்குக் கொடுக்கிற சி.எஸ்.ஆர். ரசீது மாதிரிதான் அம்மா, தொலைத்துவிடாதீர்கள்" என்றார். எட்டாம் நாள் மோட்டார் ஓடியது. அங்கன்வாடியில் 31 ஆண்டுகள், சத்துமாவு மூட்டை வந்து இறங்கினால்கூடக் கையெழுத்துப் போட்டவள் நான். என் மனுவுக்கு ஒருவர் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை.

குறையையும் சொல்கிறேன். கிராம சபையில் யார் எழுந்தாலும், "பெயர்? தகப்பனார் பெயர்?" என்றுதான் தொடங்குவார். பாதிப் பெண்கள் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். தோப்பில் மாங்காய் பறித்த இரண்டு பையன்களை ஊராட்சி அலுவலகத்துக்கு வரவழைத்து, இனிமேல் செய்யமாட்டோம் என்று எழுதி வாங்கினார். தலைவருக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "கேஸ் ஆகாமல் முடித்தேனே!" என்றார். காசோலையில் துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும் என்பதைக் கடைசிவரை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. தனக்குக் கீழே இருப்பவரின் கையெழுத்துக்குக் காத்திருந்து பழக்கம் இல்லையே!

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதில் அரசு அதிகாரியே நடத்தும் தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. 2016-க்குப் பின் மூன்று ஆண்டுகள் நாங்கள் பார்த்த அதே ஏற்பாடு. ஆழ்துளைத் தண்ணீரில் ஃப்ளோரைடு என்பதால்தான் எங்கள் கிருஷ்ணகிரிக்கும் பக்கத்துத் தருமபுரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. எங்கள் தெருமுனையில் குழாய் உடைந்து, மறுபடி ஆழ்துளைத் தண்ணீரையே குடிக்கிறோம். நான் சோறூட்டி வளர்த்த பிள்ளைகளுக்குப் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் வர வேண்டுமா? மனு கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்தார்கள். ரசீது கேட்டேன். அந்த வழக்கமெல்லாம் இல்லையாம்.

அடுத்த தேர்தலில் அவர் மறுபடி நிற்கப்போவதாகச் சொல்கிறார். இந்த முறை என் வாக்கு வேண்டுமென்றால், ரசீது கொடுக்கும் வழக்கம் தொடர வேண்டும், கிராம சபையில் தகப்பனார் பெயர் கேட்கக் கூடாது என்று நேரிலேயே சொல்லிவிட்டேன். முதலாவதற்குத் தலையாட்டினார்.

ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.