இரண்டாம் எண் கணக்கைத் திறந்து பாருங்கள்

தென்காசி மாவட்ட ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். உங்களில் பாதிப்பேர் பெண்கள் என்பதால் வழக்கம்போல ‘அண்ணாச்சி’ என்று தொடங்க முடியவில்லை. தலைவர்களே என்றே எழுதுகிறேன். ஊராட்சியின் மின்கட்டணம் போகும் இரண்டாம் எண் வங்கிக் கணக்கைப் பற்றியும், அந்தக் கட்டணத்தைச் சோலாரால் குறைப்பதைப் பற்றியும் பேசத்தான் இந்த மடல்.

ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. அதே காற்றில்தான் சுரண்டை, ஊத்துமலை, ஆலங்குளம் பக்கத்துப் புன்செய்க் காடுகளில் நிற்கும் காற்றாலைகளும் சுற்றுகின்றன. எனக்குத் தெரிந்து அவற்றில் ஒன்றுகூட நம் ஊராட்சிகளுக்குச் சொந்தமில்லை. நிலம் கொடுத்தவர்களுக்குப் பணம் வந்தது, நாலு பேருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. மின்சாரம் துணைமின் நிலையத்துக்குப் போய், எங்கேயோ இருக்கும் முதலாளியின் கணக்கில் வரவாகிறது. ஊராட்சியோ அந்தக் காற்றாலையின் காலடியில் எரியும் தெருவிளக்குக்கு மாதாமாதம் பில் கட்டுகிறது. போட்டவர் எடுக்கிறார், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. நாம் ஏன் போடவில்லை என்பதைத்தான் கேட்கிறேன்.

ஊராட்சியால் முடியாது என்பீர்கள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி முடித்துக் காட்டியிருக்கிறது. அங்கே குடிநீர்த் திட்டம் பெரிதானதும் மின்கட்டணம் கழுத்தைப் பிடித்தது. முதலில் 2003-இல் மரக்கழிவை எரித்து வாயுவாக்கி 9 கிலோவாட் எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார்கள். அப்புறம் 2006-இல், சண்முகம் தலைவராக இருந்தபோது, ரூ. 1.55 கோடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மிச்சம் வங்கிக் கடன். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் வந்தது. ஊராட்சிக்குத் தேவை 4.5 லட்சம்தான், மீதியை மின்வாரியத்துக்கு விற்றார்கள். அந்த வருமானத்தில் கடனும் அடைந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்தக் காற்றாலை ஓடந்துறையிலேயே இல்லை. உடுமலை பக்கம் மைவாடியில் நிற்கிறது. அவர்கள் ஊருக்கு வெளியே போய்க் காற்றை விலைக்கு வாங்கினார்கள். நமக்கு வாசலில் அடிக்கிறது.

அதற்காக நாளைக்கே காற்றாலை வாங்குங்கள் என்று சொல்ல வரவில்லை. இன்று புதிதாக நிறுத்தும் காற்றாலைகள் 2, 3 மெகாவாட் அளவில் வருகின்றன. அவை பல கோடி சமாசாரம், ஒரு ஊராட்சியின் கைக்கு அடங்காது. ஓடந்துறையிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் தொடங்கிய இடத்தை. மின்கட்டணப் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்.

நம் ஊரில் அந்தப் பில்லின் சுமை யாருக்கு என்று பாருங்கள். விவசாய மோட்டாருக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதனால் சோலார் என்றதும் விவசாயம் பார்க்கும் சம்சாரிக்கும் ஆர்வமில்லை, பீடி சுற்றும் வீட்டுக்கும் ஆர்வமில்லை. அது நியாயம்தான். முழுக் கட்டணமும் கட்டுவது ஊராட்சி. ஒவ்வொரு ஊராட்சியிலும் மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும் என்றே ஒதுக்கிய இரண்டாம் எண் வங்கிக் கணக்கு இருக்கிறது. அந்தப் பாஸ்புக்கில் ஒரு வருடத்தில் எவ்வளவு போயிருக்கிறது என்று கூட்டிப் பார்த்த தலைவர் உங்களில் எத்தனை பேர்?

கூட்டிப் பார்த்துவிட்டு நேரே டேங்க் ஆபரேட்டரிடம் போங்கள். 5 ஹெச்.பி. மோட்டார் மணிக்கு நாலு யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும். ஒரு நாளைக்கு 5 மணி நேரம் ஓடினால் 20 யூனிட்டுக்கு மேல். 1 கிலோவாட் சோலார் பேனல் நம் வெயிலுக்குச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். அப்படியென்றால் 5, 6 கிலோவாட் பேனல் போதும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி, ஆக 600 சதுர அடி மொட்டை மாடி. ஊராட்சி அலுவலகமோ, சமுதாயக் கூடமோ, பள்ளிக்கூடமோ ஏதாவது ஒன்றில் அந்த இடம் இருக்கும்.

குடிநீர் மோட்டாரிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோலாரில் செலவு வைப்பதும் முதலில் கெட்டுப்போவதும் பேட்டரி. குடிநீருக்கு அது வேண்டாம். வெயில் இருக்கும்போது ஏற்றிவிட்டால் ராத்திரிக்கும் தண்ணீர் மேலேயே இருக்கிறது. ஓவர்ஹெட் டேங்க்தான் நம்முடைய பேட்டரி, அதை ஏற்கெனவே கட்டியாயிற்று. மின்வாரிய இணைப்பை மட்டும் துண்டித்துவிடாதீர்கள். சாரல் நாட்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அது வேண்டியிருக்கும்.

பேட்டரியை நம்பி ஏமாந்த கதை எல்லா ஊரிலும் இருக்கிறது. எங்கள் தெருவில் நட்ட சோலார் விளக்கு இரண்டு தீபாவளி பார்த்தது. பேட்டரிப் பெட்டியின் மூடி திறந்து தொங்க, அதற்குள் குருவி கூடு கட்டிவிட்டது. யாரைக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. மாட்டிய கம்பெனியின் போன் நம்பர் தூணில் இருந்தது, அடித்தால் எடுக்க ஆளில்லை. எனவே டெண்டர் விடும்போது விலையைவிட முக்கியமாக 5 வருடப் பராமரிப்பை எழுதி வாங்குங்கள். ஊரில் ஐடிஐ படித்த பிள்ளைகள் இருவருக்குப் பேனல் துடைக்கவும் இன்வெர்ட்டர் பார்க்கவும் அந்த கம்பெனியே பயிற்சி தர வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் சேருங்கள். முடிந்தால் பராமரிப்பை ஒரு மகளிர் குழுவிடம் மாதச் சம்பளத்துக்குக் கொடுங்கள்.

இது உங்கள் வேலை இல்லை என்று யாராவது சொன்னால், அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணையைக் காட்டுங்கள். ஊராட்சிகளுக்கு உரிய 29 பொருள்களில் 15-ஆவது மரபுசாரா எரிசக்தி. 1993-லிருந்து அந்த வரி அங்கேயே இருக்கிறது.

மோட்டார் ஒன்று நன்றாக ஓடிய பிறகு பெரிதாக யோசிக்கலாம். 2019-இல் வந்த பிரதமரின் குசும் திட்டத்தின் முதல் பகுதி, துணைமின் நிலையத்துக்குப் பக்கத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சோலார் நிலையம் வைக்க விவசாயிகளுக்கு மட்டுமல்ல, கூட்டுறவுகளுக்கும் ஊராட்சிகளுக்கும் இடம் தந்தது. குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-இலேயே ஆறு விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து, சோலார் பம்பில் இறைத்ததுபோக மிஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தினம் ஒதுக்கித் தள்ளும் காய்கறிக் கழிவையும் சாண எரிவாயுவையும் பற்றி எழுதப் புகுந்தால் இந்த மடல் முடியாது.

நிலத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 1 மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் தேவை. சும்மாதானே கிடக்கிறது என்று மேய்ச்சல் புறம்போக்கில் கை வைக்காதீர்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கு அது சும்மா கிடக்கும் இடம் இல்லை. கிரிட்டில், அதாவது மின்வாரியக் கம்பித் தொடரில், இணைப்பதானால் என்ன விலை, எந்தக் கணக்கீட்டு முறை என்பதை மின்வாரியத்திடம் எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் போடாதீர்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கடன் வாங்கினால் அடுத்த தலைவர் உங்களைத்தான் திட்டுவார்.

உங்களிடம் கேட்பது இப்போதைக்கு ஒன்றுதான். வரும் கிராம சபையில், வரவு செலவு வாசிக்கும்போது, கடந்த 12 மாதங்களுக்கு இரண்டாம் எண் கணக்கிலிருந்து மின்கட்டணமாகப் போன தொகையைத் தனியாக, மோட்டார் வாரியாக, தெருவிளக்கு தனியாக வாசியுங்கள். வாசித்த கையோடு, அதிகம் இழுக்கும் மோட்டார் ஒன்றுக்குச் சோலார் மதிப்பீடு தயாரிக்கத் தீர்மானம் போடுங்கள். தீர்மான நகலை வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஆலங்குளம் வட்டாரத்துச் சம்சாரி ஒருவன்