செய்தி வாசித்தவர்களை நேரில் உட்காரவைத்து வரைய வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னைத் தூர்தர்ஷனின் பழைய செய்தி வாசிப்பாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அருமை. ஆனால் படங்களைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது. ஷோபனா ரவி, சந்தியா ராஜகோபால், பாத்திமா பாபு, வரதராஜன் என எல்லாருக்கும் பழைய வீடியோவை நிறுத்திப் பிடித்த படம்தான். முகமெல்லாம் கோடு, புடவையின் நிறம் ஓரத்தில் வழிகிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. வேறு படம் கிடைத்திருக்காது என்று எனக்குத் தெரியும்.

காஞ்சிபுரத்தில் 30 வருடம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். 1985 வாக்கில் ஒரு தமிழாசிரியை வந்து, ஷோபனா ரவியின் படம் வேண்டும், வகுப்பில் மாட்டப்போகிறேன் என்றார். ழகரம் சொல்லித்தர அவரைத்தான் உதாரணம் காட்டுவாராம். வாரப் பத்திரிகைகளைப் புரட்டினோம், பெரிதாக்கும் அளவுக்கு எதுவும் அகப்படவில்லை. சரி, டிவியையே எடுத்துவிடுவோம் என்று எங்கள் வீட்டு சாலிடேர் பெட்டிக்கு முன்னால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன். ஃப்ளாஷ் போட்டால் கண்ணாடியில் வெள்ளையாக அடிக்கும், அதனால் அறை விளக்கையும் அணைத்தாயிற்று. திரையில் ஒரு முழுப் படம் உருவாக 1/25 விநாடி ஆகும். ஷட்டரை அதைவிட வேகமாக வைத்தால் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். 1/15-க்கு இறக்கினால் பட்டை போய்விடும், ஆனால் அதற்குள் உதடு அசைந்துவிடும். தாளைப் பார்த்துவிட்டு நிமிர்கிற அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து ஒரு ரோல் முழுக்கத் தீர்ந்தது. தேறியவை இரண்டு.

அமெரிக்காவில் டிவி செய்தியாளர்களான எட்வர்ட் மரோவை 1957-இலும் வால்டர் கிராங்கைட்டை 1966-இலும் டைம் இதழ் அட்டையில் போட்டது. அட்டைகளுக்காக ஓவியர்கள் வரைந்த மூலப் படங்களை நூற்றுக்கணக்கில் 1978-இல் வாஷிங்டனின் தேசிய உருவப்பட அரங்குக்கே அந்த இதழ் கொடுத்துவிட்டது. அந்த அரங்கு 1976 வரை புகைப்படங்களைச் சேகரிக்கச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது. லண்டனில் உள்ள தேசிய உருவப்பட அரங்கிலோ, அரச குடும்பத்தாரைத் தவிர உயிரோடு இருப்பவர்களின் படத்துக்கு 1969 வரை இடமில்லை. இரண்டு ஊரிலும் விதியை மாற்றிக்கொண்டார்கள். நமக்கு அப்படித் தடுக்கும் விதி எதுவும் இல்லை, யாரும் முனையவில்லை, அவ்வளவுதான்.

டெல்லியில் இந்திரா காந்தி கொலையுண்ட செய்தியை 1984 அக்டோபர் 31 மாலை வாசித்த சல்மா சுல்தானை இன்றும் காதோர ரோஜாவை வைத்துத்தான் நினைவு கூர்கிறோம். அந்த ரோஜாவுக்குப் பின்னால் இருந்த முகத்தை ஓர் ஓவியர் நிதானமாக உட்கார்ந்து பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. 50 ஆண்டு ஓடிவிட்டது. சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கும் நிலையத்துக்கும் பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரிக்கும் நடுவே அதிக தூரமில்லை. அந்தக் காலத்து வாசிப்பாளர்களில் நம்மோடு இருப்பவர்களை அழைத்து, மாணவர்கள் முன்னால் நான்கைந்து நாள் உட்காரவைக்க நிலையம் ஏற்பாடு செய்யலாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு சுவர் ஒதுக்கினால் போதும். கூடவே நல்ல புகைப்படமும் எடுத்து வைக்க வேண்டும். ஓவியம் ஓவியரின் பார்வை. முகச் சுருக்கம் வரை அப்படியே பதிய லென்ஸ் வேண்டும். இதை உங்கள் இதழ் முன்னெடுத்தால் நன்றாக இருக்கும்.

வரையப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்பளவோடு நிறுத்திவிடாதீர்கள், அது டிவியில் ஏற்கெனவே பார்த்ததுதான். கைகளையும் சேர்த்து வரையுங்கள். அப்போது முன்னால் ஓடும் எழுத்துத் திரை கிடையாது, கையில் தாள்தான். வாசித்து முடித்து அந்தத் தாள்களைத் தட்டி அடுக்குவார்களே, அந்தக் கைகள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்,
காஞ்சிபுரம்.