முதலில் நிலை, பிறகு கதவு

மிச்சிகன்,
அக்டோபர் மாதம்.

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கரூர்ப் பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வாரத்தில் மூன்று நாள் மட்டும் போய்வருவதாக எழுதியிருந்தாய். முழங்கால் வலிக்கு அது நல்லது. ஆனால் உன் கை இன்னும் சுத்தியலைத் தேடுகிறது என்பதற்குக் கடிதத்தின் கடைசிப் பக்கமே சாட்சி. குன்னூரிலிருந்து வந்திருக்கும் பழைய செவ்ரோலெட் பிக்கப்பில் கதவுக்குக் கீழ்ப்பகுதி முழுவதும் அரித்துப் போய்விட்டது, கதவுகளும் உதவாது, எல்லாவற்றையும் தகடு வெட்டிப் புதிதாகச் செய்ய வேண்டும், எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். நானும் இப்போது அதே வரிசை வண்டியில் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆகவே வீட்டுச் செய்திகளை அடுத்த கடிதத்திற்கு வைத்துக்கொண்டு இதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

என் கையில் இருப்பது 1950ஆம் ஆண்டின் செவ்ரோலெட் 3100, அரை டன் பிக்கப். 1947 கோடையில் வந்து 1955 தொடக்கம் வரை ஓடிய அந்த உருண்டை முகப்பு வரிசை உனக்கு நன்றாகத் தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் பாகங்களைப் பூட்டி வண்டிகளை உருவாக்கத் தொடங்கிவிட்டதால், உன் குன்னூர் வண்டியைப் போன்றவை நம் பக்கத்து மலைத் தோட்டங்கள் வரை போய்ச் சேர்ந்ததில் வியப்பில்லை. என்னுடைய வண்டியின் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின் இன்னும் சீராக ஓடுகிறது. அடிச்சட்டமும் உறுதியாக இருக்கிறது. கெட்டது கேபின் மட்டுமே. உரிமையாளர் மிக உயரமானவர்; அவருடைய தாத்தா ஓட்டிய வண்டி என்பதால் விற்கவும் மனமில்லை, முழங்கால் இடிக்காமல் ஓட்டவும் முடியவில்லை. எனவே கேபினைப் பின்பக்கமாக 5 அங்குலம் நீட்டி, அதற்கேற்பக் கதவுகளையும் நீட்டித் தரச் சொன்னார். கடையில் வாங்கும் எந்தக் கதவும் இதற்குப் பொருந்தாது.

இங்கே இந்த வண்டிகளைத் தின்பது உப்பு. பனிக்காலம் முழுவதும் சாலையில் கல்லுப்பைத் தூவிப் பனியை உருக்குகிறார்கள். கார்களுக்குப் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகருக்கு அடியிலேயே, ஏறக்குறைய 1,200 அடி ஆழத்தில், பெரிய உப்புச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. மேலே செய்த வண்டியைக் கீழே வெட்டிய உப்பு அரிக்கிறது என்று முதன்முதலில் கேட்டபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. சக்கரம் வாரியடிக்கும் உப்புச் சேறு முன் மட்கார்டுக்குப் பின்னால் புகுந்து கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர் பேனலுக்குள் இறங்குகிறது. அது இரண்டு தகடுகள் சேர்ந்த மூடிய பெட்டி. அடியில் இருக்கும் வடிதுளை சேற்றால் அடைபட்டதும் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து தகடு துருவாகிக் கொட்டும். குன்னூரில் சாலையில் உப்பு இல்லை. ஆனால் மாதக்கணக்கில் காயாத மழையீரமும் மக்கிய இலைச்சேறும் அதே வேலையை மெதுவாகச் செய்திருக்கும். வடிதுளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் கிளறிப் பார். கறுப்பு மண் கொட்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வீடு கட்டும்போது ஆசாரி முதலில் நிலையைத்தான் நிறுத்துகிறார். தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் பார்த்து, மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்து, அது சரியான பிறகே சுவர் எழும்புகிறது. கதவு கடைசியில் வருகிறது. கேபினுக்கும் அப்படி ஒரு நிலை உண்டு. முன் தூண், பின் தூண், மேலே கூரை விளிம்பு, கீழே ராக்கர். கண்ணுக்கு அதிகம் படாத இந்த நான்காவது கட்டைதான் இரண்டு தூண்களின் அடியையும் விலகாமல் பிடித்து நிற்கிறது. அது துருவாகிப் போன வண்டியில் தூண்கள் தம் இடத்தில் இருப்பதாகத் தோன்றினாலும் உண்மையில் இருப்பதில்லை. ஆகவே கதவில் கை வைக்காதே, ராக்கரில் தொடங்கு. இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு வண்டியில் அவசரப்பட்டு இரண்டு பக்க ராக்கர்களையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன். கேபின் அப்போது தன் சொந்தத் தாங்கிகளின்மேல் இல்லாமல் தரையில் நான்கு முக்காலிகளின்மேல் இருந்தது. புதிய ராக்கர்களை அழகாகப் பற்றவைத்து, பட்டி போடாமலே வழவழவென்று தேய்த்து முடித்தேன். பிறகு கதவை மாட்டினேன். மேல் விளிம்பில் இடைவெளி 3 மில்லிமீட்டர். கீழே பின்மூலையில் 9 மில்லிமீட்டர். பூட்டின் நாக்கு தூணில் இருக்கும் கொண்டிக்கு எட்டவேயில்லை. கேபின் நடுவில் தொய்ந்திருந்த நிலையிலேயே நான் அதை நிரந்தரமாகப் பற்றவைத்திருந்தேன். நாற்பதுக்கும் மேற்பட்ட பற்றுப்புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரித்து மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. அந்த மூன்று வார உழைப்பு இன்றும் என் தோளில் இருக்கிறது.

இந்த முறை சட்டத்தை முதலில் மட்டத்திற்குக் கொண்டுவந்து, கேபினை அதன் தாங்கிகளிலேயே போல்ட் போட்டு இறுக்கினேன். பிறகு ஓர் அங்குலச் சதுரக் குழாயை வெட்டிக் கதவு வாய் ஒவ்வொன்றிலும் குறுக்காகவும், இடத் தூணுக்கும் வலத் தூணுக்கும் இடையிலும் டேக், அதாவது சிறு தற்காலிகப் பற்று, வைத்தேன். குழாய்களைக் கேபினின் உள்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். அப்போதுதான் அவை இருக்கும்போதே கதவை மாட்டிச் சாத்திப் பார்க்க முடியும். ஒரு பக்கத்தை முடித்து ஆறவிட்டு அளந்த பிறகே மறுபக்கத்தை வெட்டுவது என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்.

ராக்கர் செய்வது கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். உள்தகட்டுக்கு 16 கேஜ், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர்; வெளித்தகட்டுக்கு 18 கேஜ், அதாவது 1.2 மில்லிமீட்டர். பழைய பாகத்தில் துருப்பிடிக்காத ஒரு சாண் நீளமாவது எங்காவது எஞ்சியிருக்கும்; அதன் குறுக்குவெட்டை அட்டையில் வரைந்துகொண்டால் மீதியை அதிலிருந்து பிடித்துவிடலாம். மடிக்கும் மெஷினில் அப்படியே மடித்தால் விளிம்பு கத்தி போல வரும். கம்பெனித் தகட்டில் இருந்த மென்மையான வளைவு வராது. நான் அரை அங்குலக் குழாயைத் தகட்டோடு சேர்த்துக் கவ்வி அதன்மேல் மடித்தேன். பெட்டியை ஒரே தகட்டில் மூடிச் செய்ய முயலாதே. கடைசி மடிப்புக்கு மெஷினின் வாய் உள்ளே போகாது. இரண்டு பாதிகளாக மடித்து, மேலும் கீழும் விளிம்பு விட்டுச் சேர்ப்பதே வழி.

பற்றவைப்பதில் உனக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? ஆனால் நீ பேருந்து வேலையில் கண்ட தடித்த குழாய்களுக்கும் இந்த மெல்லிய தகட்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும்; தடித்த குழாய் அந்த இழுப்பைத் தாங்கும், 18 கேஜ் தகடு தாங்காமல் நெளியும். நான் 0.6 மில்லிமீட்டர் கம்பியை வைத்து, 75 பங்கு ஆர்கானும் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயுவில் ஒரு டேக், ஒரு சாண் தள்ளி இன்னொரு டேக் என்று மாறிமாறி வைக்கிறேன். கை பொறுக்கும் அளவுக்குச் சூடு தணிந்த பின்பே இடைவெளிகளை நிரப்புகிறேன். பிறகு பற்றுவரியைத் தேய்த்துத் தாழ்த்தி, பின்னால் டாலி என்னும் கைப்பிடி இரும்புக் கட்டையைப் பிடித்து அந்த வரியின்மேல் மட்டும் சுத்தியலால் தட்டினால் சுருங்கிய உலோகம் மீண்டும் விரிந்து கொடுக்கும். நெளிவு தானே விலகும். நெளிந்த பகுதியைத் தட்டினால் நெளிவு கூடுமே தவிரக் குறையாது.

பெட்டியை மூடுவதற்கு முன் உள்முகத்தில் பிரைமர் அடித்துவிடு. பற்றவைக்கும் விளிம்புகளில் மட்டும் துத்தநாகம் கலந்த, வெல்டிங் தாங்கும் பிரைமர் போதும். அப்போது எழும் புகையைச் சுவாசிக்காதே, அன்றிரவே குளிர்காய்ச்சல் போல உடம்பு நடுங்கும். மேல் இணைப்பை முழுவதுமாக அடை. கீழ் இணைப்பில் தண்ணீர் வழியை விடு. 10 மில்லிமீட்டர் வடிதுளைகள் மூன்று வைத்திருக்கிறேன், இரண்டு முனைகளிலும் நடுவிலும். பெயின்ட் முடிந்த பிறகு அந்தத் துளைகள் வழியாகவே நீளக் குழாய் விட்டு மெழுகுக் கலவையைப் பீய்ச்சுவேன். அது எல்லா இடுக்கிலும் ஊர்ந்து போய்ப் படியும்.

இப்போது கதவு. என்னிடம் அளவுக்குப் பழைய கதவு இல்லாததால் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு பொய்க்கதவு செய்து, உண்மையான கீல்களில் மாட்டி, சுற்றிலும் 5 மில்லிமீட்டர் இடைவெளி வரும்வரை ராக்கரை மேலும் கீழுமாக நகர்த்தினேன். அதன் பிறகே ராக்கருக்கு முழுப் பற்று வைத்தேன். உன்னிடம் பழைய கதவு இருக்கிறது அல்லவா, அது எவ்வளவு மோசமாக இருந்தாலும் தூக்கி எறியாதே. கீல் பக்கமும் பூட்டுப் பக்கமும் நேராக இருந்தால் அதுவே உனக்கு அளவுகோல்.

நீட்டிய கதவில் நான் அதிகம் யோசித்தது எடையைப் பற்றி. 36 அங்குல அகலக் கதவை 41 ஆக்கினால் எடை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடும் என்று தோன்றும். ஆனால் அந்த எடையின் மையமும் கீலிலிருந்து அதே விகிதத்தில் தள்ளிப் போவதால், கீலின்மேல் விழும் இழுப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடுகிறது. ஆகவே முன் தூணுக்குள் கீல் உட்காரும் இடத்தில் 3 மில்லிமீட்டர் பட்டைத் தகட்டை வைத்துப் பற்றவைத்தேன். கதவின் உள்கூட்டை 18 கேஜில் மடித்து, கீலிலிருந்து பின் கீழ்மூலைக்குச் சாய்வாக ஒரு குழாயைக் கொடுத்தேன். நம் ஊர்த் தோட்டத்துப் படலில் குறுக்குக் கம்பு கொடுப்பார்களே, அதே காரியம்தான்.

வெளித்தகடு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பார்வைக்குத் தட்டையாகத் தோன்றும் கதவு எதுவும் உண்மையில் தட்டையானதன்று. தட்டைத் தகட்டை அப்படியே மாட்டினால் தகரப் பெட்டியின் மூடி போல டப்பென்று உள்ளே போய் வெளியே வரும். இரண்டு உருளைகளுக்கு நடுவே தகட்டை ஓட்டும் இங்கிலீஷ் வீலில் பொறுமையாக முன்னும் பின்னும் ஓட்டி, நடுவில் 3 மில்லிமீட்டர் மட்டும் மேடு கொடுத்தேன். அந்தச் சிறு மேடு தகட்டை இறுக்கிவிடுகிறது. பிறகு சுற்றிலும் அரை அங்குல விளிம்பை உள்கூட்டின்மேல் மடித்தேன். ஓரிடத்தில் முழுவதும் மடித்துவிட்டு அடுத்த இடத்திற்குப் போகாதே. முழுச் சுற்றையும் கொஞ்சம், மறுபடி கொஞ்சம் என்று மூன்று சுற்றில் படியவைத்தால்தான் வெளிமுகத்தில் தழும்பு விழாது. கண்ணாடி பற்றிக் கவலை வேண்டாம். இந்த வரிசையில் கதவுக் கண்ணாடி தட்டையானது. லேமினேட்டட் கண்ணாடியைக் கடையில் அளவு சொல்லி வெட்டி வாங்கலாம். 1951இல்தான் கதவில் சிறு முக்கோணக் கண்ணாடி வந்தது. உன்னுடையது அதற்கு முந்தையதாக இருந்தால் வேலை இன்னும் எளிது.

தயார் நிலையில் விற்கும் ராக்கர்களை வாங்கிப் போட்டால் என்ன என்று உன் மகன் கேட்பதாக எழுதியிருந்தாய். அவன் கேட்பதில் தவறில்லை. மாற்றம் செய்யாத வண்டிக்கு நானும் சில முறை வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தத் தகடு ஏதோ ஒரு வண்டியின் அளவுக்குச் செய்யப்பட்டது. எழுபது ஆண்டுகள் ஓடித் திருகிய உன் வண்டியின் அளவு அதற்குத் தெரியாது. அதையும் வெட்டித் தட்டித்தான் பொருத்தப் போகிறாய் என்றால், கடல் தாண்டி வரவழைக்கும் செலவில் உன் பட்டறைப் பையன்களுக்கு மடிப்பு வேலை கற்றுக்கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். கரூரில் அந்தக் கைகள் இன்னும் இருக்கின்றன. இங்கே அப்படிப்பட்டவர்களைத் தேட வேண்டியிருக்கிறது.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். கடைசி இடைவெளியைப் பார்க்கும்போது கதவில் ரப்பர், பூட்டு, கண்ணாடி மூன்றும் இருக்க வேண்டும். வெறும் கூட்டை வைத்துச் சரிபார்த்தால், கண்ணாடியின் எடை ஏறியதும் பின்மூலை தொங்கும். ரப்பர் போட்டதும் கதவு வெளியே தள்ளி நிற்கும். பெயின்டுக்கு முன்பே ஒரு முறை எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிட்டுக் கழற்றுவது வீண் வேலையாகத் தோன்றினாலும் செய்துவிடு.

எனக்கு வலப்பக்கம் முடிந்துவிட்டது. நாளை மறுநாள் இடப்பக்க ராக்கரை வெட்டுகிறேன். நீ எதையும் வெட்டுவதற்கு முன் கதவு வாயின் மூலைக்கு மூலை அளவுகளை இரண்டு பக்கமும் எடுத்து எனக்கு எழுது. இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கேபினை எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்பதை யோசித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பட்டறைத் தோழன்