பூனையைப் 'பில்லி' என்றால் மக்குப் பிள்ளையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சட்டம் படிக்கும் என் மகள் போன வாரம் ஒரு வழக்கைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். செக் நாட்டின் ஆஸ்ட்ராவா நகரத்து ரோமா பிள்ளைகள் (ஐரோப்பாவில் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு சிறுபான்மை இனம்) 18 பேர் 2000-ல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போன வழக்கு. மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பள்ளிகளில் அவர்களைத் தள்ளியிருந்தார்கள். அதற்கு வைத்த தேர்வோ செக் வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. இது பாகுபாடுதான் என்று 2007 நவம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்குள் பிள்ளைகள் வளர்ந்தே விட்டார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டில் தெலுங்கு. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் பூனைப் படம் காட்டினார். 'பில்லி' என்றேன். வகுப்பே சிரித்தது. எங்கள் கூரைமேல் மூன்று பூனைகள் குடியிருந்தன. ஆனாலும் பூனை தெரியாத மக்கு என்று கடைசி பெஞ்சுக்குப் போனேன். ஐந்தாம் வகுப்புவரை என் பெயரே பில்லி.

நம் அரசு தொடக்கப் பள்ளிகளில் 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. பிள்ளைகளை அவர்கள் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். ஆனால் வீட்டில் ஒடியா பேசும் பிள்ளையோ, வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வீட்டுப் பிள்ளையோ தமிழ்க் கேள்விக்கு வாய் திறக்காவிட்டால் அரும்பிலேயே நிற்கும். தெரியாதது பாடமா, தமிழா என்று முதலில் பார்க்க வேண்டாமா? வீட்டு மொழியில் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பிரிக்கட்டும். செக், ஸ்லோவாக் பள்ளிகளில் ரோமா உதவியாளர்களையே வகுப்பில் வைத்திருக்கிறார்கள். இங்கேயும் பிள்ளையின் வீட்டு மொழி தெரிந்த அம்மா ஒருவரைக் கொஞ்சம் சம்பளம் கொடுத்து உட்கார வைக்கலாம். மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களான எங்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தார்களே. இன்னொன்று, படிப்பில் பின்தங்கியவர்களுக்கான குறைதீர் வகுப்புக்கென்று பிள்ளைகளின் பி.டி. பீரியடைப் பிடுங்காதீர்கள். அந்த ஒரு மணி நேரம்தான் அவர்கள் மற்றவர்களோடு சேர்ந்து தமிழ் பேசுவது.

நான் தன்னார்வலராக இருந்தபோது பீகாரிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் பூனைப் படம் காட்டினேன். 'பில்லி' என்றான். இந்தியிலும் கிட்டத்தட்ட அதேதானாம்! சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையில் 'பில்லி' என்று எழுதி, பக்கத்தில் 'பூனை' என்று எழுதினேன். இரண்டையும் வாசித்தான்.

இப்படிக்கு,
முன்னாள் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்,
கொருக்குப்பேட்டை, சென்னை.