குதிரை வண்டி லைட்டுக்கு ஒரு சார்ஜ் பாயிண்ட் கேட்டு மனு

அனுப்புநர்: தேவனாம்பட்டினம் பீச்சுல குதிரை வண்டி ஓட்டுற நாலு பேர்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்

பொருள்: வண்டி லைட் பேட்டரிய சார்ஜ் போட பிளக் பாயிண்ட் வேண்டி

கலெக்டர் அய்யாவுக்கு வணக்கம். திங்கக்கிழமை மனு குடுக்க மஞ்சக்குப்பத்துல உங்க ஆபீசுக்கு வந்து வரிசையில நின்னா அன்னைக்கு வண்டி பூட்ட முடியாது, அதான் பையன விட்டு ஃபோன்ல டைப் பண்ணி அனுப்புறேன், எழுத்துப்பிழை எல்லாம் அவனோடது.

நாங்க சாயங்காலம் பீச்சுல சவாரி, முகூர்த்த நாள்ல மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட்டு. போன மாசம் ராத்திரி பீச் ரோட்டுல திரும்பி வர்றப்ப பின்னாடி சிவப்பு லைட் அணைஞ்சுபோச்சு, ஒரு பைக் வந்து சக்கரத்துல மோதிட்டான். அந்த தம்பிக்கு முட்டி தேஞ்சுது, குதிரை மிரண்டு பிளாட்பாரத்துல ஏறிடுச்சு. தம்பி மேல தப்பு சொல்ல மாட்டேன், இருட்டுல கருப்பு வண்டி எப்படிங்க தெரியும்.

அப்பா காலத்துல வண்டிக்கு அடியில அரிக்கேன் தொங்கும், இப்ப கார் வர்ற ஸ்பீடுக்கு அது மினுக்கட்டாம்பூச்சி மாதிரி. அதனால 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒண்ணு சீட்டுக்கு அடியில வச்சி முன்னாடி ரெண்டு 5 வாட் எல்இடி, பின்னாடி ரெண்டு 3 வாட் சிவப்பு போட்டிருக்கோம். கணக்குப்படி அஞ்சு மணி நேரம் எரியணும், ஆனா பாதிக்கு மேல இறக்குனா பேட்டரி சீக்கிரம் செத்துடும், அப்ப ரெண்டரை மணி நேரம்தான். இதுல கடக்காத்து உப்பு வேற, டெர்மினல்ல பச்சையா களிம்பு பூத்துடுது, வாரம் ஒருக்கா உப்புத்தாள் போட்டு தேய்க்கிறேன்.

சக்கரத்துலயே கரண்ட் எடுக்கலாமேன்னு கேப்பாங்க. பாத்தாச்சுங்க. எங்க சக்கரம் நாலடி உசரம், குதிரை ஓட்டமா போனாலும் நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு சுத்துதான், கார்ல கரண்ட் எடுக்குற ஆல்டர்னேட்டருக்கு ஆயிரத்துக்கு மேல வேணும். சைக்கிள் டைனமோ வண்டி நின்னா அணைஞ்சிடும், பின்னாடி லைட் முக்கியமா வேண்டியதே நிக்கிறப்பதான். ஜெனரேட்டர் சத்தத்துக்கு குதிரை காத நெறிச்சிக்கிட்டு ஒரு அடி எடுத்து வைக்காது.

ஆக பேட்டரிதான் வழி. எங்க லாயம் கீத்துக்கொட்டாய், கனெக்‌ஷன் கிடையாது. டீக்கடையில சார்ஜ் போட ராத்திரிக்கு 20 ரூபா, அவரு பத்து மணிக்கு கடைய கட்டிட்டா பாதி சார்ஜோட வரணும், மறுநாள் லைட் நடுவழியில மங்கிடுது. ஒரு பேட்டரிக்கு முழுசா ஏத்த யூனிட்ல பத்துல ஒரு பங்குதான் ஆகும், நாலு வண்டிக்கும் சேத்து அரை யூனிட்டு கூட வராது.

வண்டி நிக்கிற இடத்துல இருக்குற லைட் கம்பத்துல, மழை படாம பொட்டி வச்சி பூட்டு போட்டு நாலு பிளக் பாயிண்ட், தனி மீட்டரோட. இலவசமா கேக்கல, பில்ல மாசாமாசம் நாங்களே கட்டிடுறோம். மாநகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். தையில முகூர்த்தம் ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள முடிச்சி குடுங்க அய்யா.

இப்படிக்கு,
வண்டிக்காரங்க நாலு பேர் (ரெண்டு கையெழுத்து, ரெண்டு கைநாட்டு)